ஒகோனோமியாகி - யாரோட இஷ்டம்?

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்கிற நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் கேட்டான். "அண்ணே, ஒகோனோமியாகின்னா நம்ம ஊத்தப்பம் மாதிரியாமே?" பக்கத்து சீட்டுல இருந்த இன்னொருத்தர் தலையைத் திருப்பாமலே, "அது ஜப்பான் பீட்சாப்பா"ன்னார். எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. 2014-ல இருந்து ஒசாகாவுல குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன். இந்த ஊத்தப்பம், பீட்சா ரெண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அந்தப் பையன்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசினது பத்தலை. அதான் மீதியை இங்க கொட்டறேன். பொறுத்துக்கோங்க மக்களே :-)

முதல்ல பேர். 'ஒகோனோமி'ன்னா விருப்பம், இஷ்டம். 'யாகி'ன்னா சுட்டது. ஆக, 'இஷ்டப்படி சுட்டது'. இந்தப் பேரை வச்சுக்கிட்டு ரெண்டு கோஷ்டி அடிச்சுக்குது. ஒரு கோஷ்டி, "பேர்லயே இஷ்டம்னு இருக்கே, எதை வேணா போடு, எப்படி வேணா சுடு"ங்குது. இன்னொரு கோஷ்டி, "மீன் இல்லாம, பன்றி இல்லாம செஞ்சா அதுக்குப் பேரு ஒகோனோமியாகியே இல்லை"ங்குது. ரெண்டு பேருமே தப்புங்கறதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதல் கோஷ்டிக்கு

ஊத்தப்பத்துல மாவுதான் ராஜா. வெங்காயம் மேல உட்கார்ந்துட்டு வர்ற விருந்தாளி. ஒகோனோமியாகியில அப்படியே தலைகீழ். முட்டைக்கோஸ்தான் சாப்பாடு, மாவு அதை ஒட்டவைக்கிற பசை மட்டும்தான். 100 கிராம் மாவுக்கு 300 கிராம் கோஸ் போகும்னா பார்த்துக்கோங்க. கிண்ணத்துல பார்த்தா, "என்னய்யா இது, கோஸ் பொரியலுக்கு மாவு சிந்திடுச்சா?"ன்னு தோணணும். அப்படித் தோணினா அளவு சரி.

இது தெரியாம நான் 2015-ல பண்ணின கூத்து இருக்கே... சூப்பர் மார்க்கெட்ல ரெடிமேட் மாவுப் பாக்கெட் வாங்கிட்டு வந்து, தோசைக்குக் கரைக்கிற மாதிரி தண்ணியா கரைச்சு, கோஸை ஒப்புக்கு ஒரு கை போட்டு, கரண்டியால வட்டமா இழுத்துவிட்டு, தோசைத்திருப்பியால நல்லா நாலு அமுக்கு அமுக்கினேன். வீட்டுக்கு வந்திருந்த ஒசாகாக்கார சக ஊழியர் ஒருத்தர் ஒரு வாய் வச்சுட்டு, ரொம்ப மரியாதையா "ருசியா இருக்கு"ன்னார். அப்புறம் மெதுவா, "இதை அமுக்கினீங்களா?"ன்னு கேட்டார். ஒரு கொலையைப் பத்தி விசாரிக்கிற குரல் அது.

அமுக்கினா என்ன ஆகும்? கோஸ் தன்னோட ஈரத்துல உள்ளுக்குள்ளயே ஆவியில வேகணும். அதுக்குக் காத்து இடைவெளி வேணும். அமுக்கினா இடைவெளி போயிடும், ரப்பர் செருப்பு கிடைக்கும். ஊத்தப்பம்னு மனசுல வச்சுக்கிட்டு செஞ்சா கை தன்னால இழுத்துவிடும், தன்னால அமுக்கும். என் கோபம் பேர் மேல இல்லீங்க. ஒரு சாப்பாட்டை நமக்குத் தெரிஞ்ச சாப்பாட்டோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, கையும் தெரிஞ்ச மாதிரியேதான் வேலை செய்யும். அங்கதான் பிரச்சினையே.

ரெண்டாவது கோஷ்டிக்கு

இவங்கதான் 'அசல்' போலீஸ். இவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: கொஞ்சம் வரலாறு பாருங்க சார்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னாடி, 'இஸ்ஸென் யோஷொகு'ன்னு ஒரு பண்டம் இருந்துச்சு. 'ஒரு சென் மேல்நாட்டுச் சாப்பாடு'ன்னு அர்த்தம். 100 சென் சேர்ந்தா 1 யென். கரைச்ச கோதுமை மாவை மெல்லிசா ஊத்தி, வெங்காயத்தாள் மாதிரி ஏதாவது தூவி, மேல சாஸ் தடவி மடிச்சுக் கொடுப்பாங்க. மிட்டாய்க் கடையில பசங்க வாங்கித் திங்கிற ஐட்டம். அதுல மேல்நாடு எங்க இருக்குன்னு கேக்காதீங்க. சாஸ் தடவினா மேல்நாடு, அவ்வளவுதான் :-)

அப்புறம் 1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமாவுல குண்டு விழுந்துச்சு. ஊரே இல்லாம போச்சு. அரிசி கிடையாது. அமெரிக்காவுல இருந்து வந்த கோதுமை மாவு இருந்துச்சு. அந்த மாவை இரும்புத் தகட்டுல ஊத்தி, கைக்குக் கிடைச்ச காயை வச்சுச் சுட்டு வித்தாங்க. அந்த ஊர் ஒகோனோமியாகிக் கடைகள்ல நிறையப் பேர் 'சான்'னு முடியும். இன்னார்-சான்னு, நம்ம வீட்டுல பொண்ணைச் செல்லமா கூப்பிடற மாதிரி. போர்ல புருஷனை இழந்த பெண்கள் வீட்டு முன்பக்கத்தையே கடையாக்கி, தங்க பேரையே வச்சுக்கிட்டாங்கன்னு அந்த ஊர்க்காரங்க சொல்லுவாங்க. ஓத்தஃபுகு கம்பெனி ஒகோனோமியாகிக்குன்னே கெட்டியான சாஸ் போட்டது 1952-ல. அது வரைக்கும் தண்ணி மாதிரி ஓடற வூஸ்டர் சாஸ்தான். அது தகட்டுல வழிஞ்சு ஓடிடும்.

இன்னிக்கு ஹிரோஷிமாவுல மெல்லிசா மாவு ஊத்தி, அது மேல ஒரு மலை கோஸ், பன்றித் துண்டு, நூடுல்ஸ், முட்டைன்னு அடுக்கடுக்கா வைக்கிறாங்க. ஒசாகாவுல எல்லாத்தையும் கலந்து சுடறாங்க. ஹிரோஷிமாக்காரங்க முன்னாடி அவங்க பண்டத்தை 'ஹிரோஷிமா-யாகி'ன்னு சொல்லிப் பாருங்க, மூஞ்சி மாறிடும். அவங்களுக்கு அதுதான் ஒகோனோமியாகி, மத்தது எல்லாம் மத்தது. ஒசாகாக்காரங்களோ இதைச் சோத்துக்குத் தொட்டுக்கிட்டு, மிஸோ சூப்போட சாப்பிடுவாங்க. தோக்கியோக்காரங்க அதைப் பார்த்துத் தலையில அடிச்சுப்பாங்க. அவங்களுக்குள்ளயே இத்தனை பஞ்சாயத்து.

ஆக, கையில இருந்ததை வச்சுப் பசியாத்தினதுதான் இந்தப் பண்டத்தோட பரம்பரை. அதுல போய் "பன்றி இல்லைன்னா அசல் இல்லை"ன்னு சட்டம் பேசறது, அந்தத் தகட்டுக்கு முன்னாடி நின்ன பெண்களுக்குச் செய்யற மரியாதை இல்லைங்கறது என் கருத்து.

இப்ப என் கதை

இவ்வளவு நியாயம் பேசறவன் பண்ணின தப்பையும் சொல்லிடறேன். அதைச் சொல்லாம இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்லை.

எங்க வீடு திருநெல்வேலிச் சைவம். நானும் தங்கமணியும் முட்டை வரைக்கும் இறங்கிட்டோம். நான் வெளியில மீனும் சாப்பிடுவேன். அம்மா முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டாங்க. 2019 மே மாசம் முதல் தடவையா எங்களைப் பார்க்க ஒசாகா வந்தாங்க. வெளியில எதுவும் சாப்பிட முடியாது. நானாச்சும் ஏதாவது ஜப்பான் சாப்பாடு செஞ்சு போடணுமேன்னு ஒகோனோமியாகி செஞ்சேன். முட்டையை நிறுத்தினேன். பன்றியை நிறுத்தினேன். மேல தூவற மீன் செதிலை நிறுத்தினேன். மயோனைஸை நிறுத்தினேன். ரொம்பப் பெருமையா தட்டுல வச்சேன்.

அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "ஏல, இது நம்ம கோஸ் அடைல்லா"ன்னாங்க. (அம்மா சொன்னா அடைதான். அங்க நான் வாதம் பண்ண மாட்டேன்.) அடுத்த நாளும் கேட்டாங்க. மூணாவது தடவையும் செஞ்சேன்.

மூணாவது தடவை செஞ்ச அன்னிக்குப் பொண்ணு அடுப்பு மேடை பக்கத்துல நின்னுட்டு இருந்தா. ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்து ஒரு மாசம். எழுத்து தெரிஞ்ச புதுசு, கண்ணுல படற எல்லாத்தையும் சத்தமா வாசிப்பா. மாவுப் பாக்கெட்டைத் திருப்பி வச்சுக்கிட்டு எழுத்துக் கூட்டினா. "க... ட்சு... ஓ... எகிசு. அப்பா, கட்சுஓன்னா மீனுதானே?"

கட்சுஓன்னா சூரை மீன். எகிசுன்னா சாறு. அஞ்சு வருஷமா அந்த மாவு ஜாதியை வாங்கறேன். ஒரு தடவைகூடப் பின்பக்கம் பார்த்ததில்லை. மாவுன்னா மாவுதானேன்னு நினைச்சுட்டேன். சாஸ் பாட்டிலை எடுத்துப் பார்த்தா அதுல இறைச்சிச் சாறு. அம்மா ஹால்ல உட்கார்ந்து மூணாவது தட்டைக் காலி பண்ணிட்டு இருந்தாங்க.

தங்கமணி, "இன்னிக்கே சொல்லிடுங்க"ன்னா. நான், "தெரியாம நடந்தது, இனிமே செய்யாம விட்டுட்டாப் போச்சு, எதுக்கு அவங்க மனசைக் கெடுக்கணும்"னேன். ரெண்டு நாள் இழுத்தேன். அந்த ரெண்டு நாளும் அம்மா யாருக்கோ போன் போட்டு, "எம்மவன் எனக்குன்னு தனியா சைவமா செஞ்சு தாரான்"னு சொல்லிட்டு இருந்தாங்க. அதைக் கேட்டதுக்கப்புறம் தாங்கலை. சொல்லிட்டேன்.

அம்மா திட்டலை. ஒண்ணுமே சொல்லலை. அன்னிக்கு ராத்திரி மோர் மட்டும் குடிச்சாங்க. மறுநாள் குளிச்சு, திருநீறு பூசி, வழக்கத்தைவிட ரொம்ப நேரம் சாமி படத்துக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. அதுக்கடுத்த நாள் சாயங்காலம், "ஏல, மீனு இல்லாம செய்ய முடியாதா அந்தக் கோஸ் அடைய?"ன்னு கேட்டாங்க.

முடியும். அதுக்காகத்தான் நான் ஒழுங்கா கத்துக்கிட்டேன். மறுபடி செஞ்சு வச்சப்ப, அம்மா உடனே சாப்பிடலை. பேத்தியைக் கூப்பிட்டு, "ஏட்டி, எல்லாப் பாக்கெட்டையும் வாசி"ன்னாங்க. அவ மைதாவுல இருந்து சோயா சாஸ் வரைக்கும் ஒவ்வொண்ணா வாசிச்சா. அதுக்கப்புறம்தான் கை வச்சாங்க. பெத்த புள்ளையை நம்பாம ஆறு வயசுக் குழந்தையை நம்பறாங்களேன்னு எனக்கு வலிச்சது. ஆனா நியாயம்தானே. என் கண்ணு பார்க்காததை அவ கண்ணு பார்த்துச்சு.

பாக்கெட் மாவு பத்தி

பாக்கெட் மாவே விஷம்னு சொல்ல வரலை. மீன் சாப்பிடறவங்களுக்கு அது நல்ல வசதி. மாவு, மீன் சாறு, கிழங்குப் பொடி, உப்பு எல்லாம் அளவா கலந்து இருக்கும். ஆனா ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க.

1. ஜப்பான்ல அலர்ஜிக்காகக் கட்டாயம் காட்ட வேண்டிய பட்டியல்ல முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு எல்லாம் உண்டு. கட்சுஓ கிடையாது. அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துட்டு "மீன் இல்லை"ன்னு முடிவு பண்ணாதீங்க. பொடி எழுத்துல இருக்கிற மூலப்பொருள் பட்டியலைப் படிக்கணும். அதே மாதிரி, மேல தூவலைன்னா மீன் இல்லைன்னும் அர்த்தம் இல்லை.

2. பிரிச்ச பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில வைக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத மைட்னு ஒரு ஜந்து, சுவைப்பொருள் கலந்த மாவுல நல்லாப் பெருகும். அது ஒத்துக்காதவங்களுக்கு மூச்சுத்திணறல் வரைக்கும் போகும். சுட்டாலும் அந்த ஒவ்வாமை போகாது. 'பான்கேக் சிண்ட்ரோம்'னு டாக்டருங்க பேரே வச்சிருக்காங்க. நல்லா மூடி, ஃப்ரிட்ஜ்ல வைங்க. சீக்கிரம் தீர்த்துடுங்க.

சரி, எப்படிச் செய்யறது?

மீனை எடுத்துட்டா அந்த இடத்துல என்ன வைக்கறதுங்கறதுதான் கேள்வி. வெறும் தண்ணியில கரைச்சா சப்புன்னு இருக்கும். மீன் செதில்னா என்ன? நம்ம கடற்கரைப் பக்கம் மாசின்னு சொல்லுவாங்களே, அதோட பங்காளி. சூரை மீனை வேக வச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காய வச்சுச் சீவறது. அது கொடுக்கிற ருசி 'உமாமி'. ஆனா இக்கேதா கிகுனாயேங்கற விஞ்ஞானி 1908-ல உமாமியைக் கண்டுபிடிச்சது மீன்ல இருந்து இல்லை. கொம்புங்கற கடல்பாசியில இருந்து. இங்க புத்தக் கோயில் சமையல்ல மீன் கிடையாது. அவங்க கொம்புவும் காய்ஞ்ச ஷீத்தாகே காளானும் ஊற வச்ச தண்ணியைத்தான் பயன்படுத்தறாங்க. ரெண்டும் சேர்ந்தா தனித்தனியா இருக்கிறதைவிட ருசி பல மடங்கு ஏறும். ஆக இது நான் செஞ்ச கலப்படம் இல்லை. ஜப்பான் சமையலுக்குள்ளயே இருக்கிற பழைய வழி.

ரெண்டு பேருக்கு அளவு:

- ஒரு விரல் நீள கொம்பு, ரெண்டு காய்ஞ்ச ஷீத்தாகே. ராத்திரியே ஒரு டம்ளர் தண்ணியில போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க.
- மைதா 100 கிராம், அந்த ஊறின தண்ணி 100 மி.லி., அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் உப்பு.
- நாகாய்மோ கிழங்கு துருவினது 80 கிராம். நம்ம வள்ளிக்கிழங்கு ஜாதிதான். துருவினா வழவழன்னு வரும். முட்டை இல்லாத குறையைத் தீர்க்கிறது இதுதான். சேப்பங்கிழங்கு மாதிரி கை அரிக்கும், வினிகர் தடவிக்கோங்க. முட்டை சாப்பிடறவங்க 50 கிராம் கிழங்கு, ரெண்டு முட்டை.
- கோஸ் 300 கிராம். ரொம்பப் பொடியாவும் வேண்டாம், நீளமாவும் வேண்டாம். நறுக்கினதும் ஈரத்தைத் துடைச்சிடுங்க.
- வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய்.
- தெங்காசு. பஜ்ஜி மாவு எண்ணெயில சிந்தினா பூந்தி மாதிரி உதிரி வருமே, அதேதான். கடையில விக்கறதுல மீன், இறால் ருசி சேர்த்தது நிறைய. வீட்டுலயே பொரிச்சிடுங்க, 5 நிமிஷ வேலை.

மாவை மட்டும் கரைச்சு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. கோஸை முன்னாடியே போட்டுடாதீங்க, உப்புக்குத் தண்ணி விட்டுடும். கல்லு சூடானதுக்கப்புறம் கோஸைப் போட்டு, அடியில இருந்து மேல தூக்கித் தூக்கி, காத்து போற மாதிரி கலக்குங்க. பத்துப் பதினஞ்சு தடவை போதும். 200 டிகிரி சூட்டுல, 2 செ.மீ. கனத்துக்கு வட்டமா வைங்க. இழுத்துவிடாதீங்க. 5 நிமிஷம். திருப்புங்க. மூடி போட்டு இன்னொரு 5 நிமிஷம். மறுபடி திருப்பி மூடி இல்லாம 2 நிமிஷம். நடுவுல கை அரிச்சா கிழங்குன்னு நினைச்சுக்கோங்க, திருப்பியால மட்டும் அமுக்காதீங்க :-)

சாஸுக்கு: பேரீச்சை நாலு வெந்நீர்ல ஊற வச்சு அரைச்சு, தக்காளி கெச்சப் 4 ஸ்பூன், சோயா சாஸ் 2 ஸ்பூன், வினிகர் 1 ஸ்பூன், மிளகுத்தூள் சேர்த்து ஒரு கொதி. பேரீச்சை என் கற்பனை இல்லை, பெரிய கம்பெனி சாஸ்லயே பேரீச்சைதான் இனிப்புக்கும் கெட்டிக்கும் போகுது. மேல ஆஓநோரி பாசித்தூள் தூவுங்க. ஒசாகா வழக்கப்படி பீட்சா மாதிரி முக்கோணமா வெட்டாம, கட்டம் கட்டமா வெட்டுங்க. தட்டுக்கு மாத்தாம கல்லுல இருந்தே சாப்பிட்டா இன்னும் விசேஷம்.

கடைசியா

'ஒகோனோமி'ங்கற வார்த்தைக்கு ரொம்ப நாளா நான் வச்சிருந்த அர்த்தம் 'என் இஷ்டம்'. வெளியில கடைக்குப் போனா அது சரிதான். காசு கொடுக்கிறோம், வேண்டியதைக் கேக்கறோம். ஆனா வீட்டுல கல்லுக்கு இந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு அந்த வார்த்தையில பாத்தியதை இல்லை. அந்தப் பக்கம் தட்டோட உட்கார்ந்திருக்கிறவங்க இஷ்டம் அது. அவங்களுக்கு வேண்டாததை அவங்களுக்குத் தெரியாம போட்டுட்டு, எவ்வளவு ருசியா சுட்டாலும் அது யாகி மட்டும்தான், ஒகோனோமி இல்லை. வேண்டாம்னு சொல்றதுக்குக் காரணம் சாமியா இருக்கலாம், அலர்ஜியா இருக்கலாம், சும்மா பிடிக்காமலும் இருக்கலாம். காரணத்தை நாம எடைபோட வேண்டியதில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சாப் போதும். தப்பு நடந்துட்டா, சொல்லிடணும். ரெண்டு நாள் இழுக்கக் கூடாது.

அந்தப் புதுப் பையனை ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். "என்ன சாப்பிடுவே, என்ன சாப்பிட மாட்டே?"ன்னு முதல்லயே கேட்டாச்சு. "எல்லாம் சாப்பிடுவேண்ணே, கோஸ் மட்டும் பிடிக்காது"ங்கறான். அவ்வ்வ்வ்!

டிஸ்கி: உங்க வீட்டுல இதே மாதிரி தெரியாம நடந்து, சொல்லலாமா வேண்டாமான்னு முழிச்ச கதை இருந்தா எழுதுங்க. 'ஊத்தப்பம்தானே இது'ன்னு மட்டும் யாரும் வரவேண்டாம், சொல்லிட்டேன் :-)